மேசைக் கணக்கிடுபொறியின் விசைப்பலகை

மின்னணு மேசைக் கணக்கிடுபொறி, பெருங்கணிப்பொறி சுருங்கிப் பெற்ற வடிவமே என்று கருதுவாருளர். தொடக்ககாலப் பொறிகளின் விசைப்பலகையை ஊன்றி நோக்குவார்க்கு அக்கருத்து முழுதும் பொருந்தாமை புலனாகும்.

1961ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெல் பஞ்ச் நிறுவனம் ‘அனிட்டா’ என்னும் பொறியை வெளியிட்டது. முற்றிலும் மின்னணு முறையில் இயங்கி விற்பனைக்கு வந்த முதல் மேசைப் பொறி இதுவே. பற்சக்கரங்களுக்கு மாறாக, வாயு நிரப்பிய மின்குழல்கள் இதன்கண் எண்ணும் பணியை ஆற்றின. இதனை வடிவமைத்த நார்பர்ட் கிட்ஸ், ‘பைலட் ஏஸ்’ என்னும் கணிப்பொறித் திட்டத்திற் பணியாற்றியவர். ஆயினும் இதன் விசைப்பலகை கணிப்பொறி வழிவந்ததன்று. ஒன்று, பத்து, நூறு என ஒவ்வோர் இடத்திற்கும் 1 முதல் 9 வரை தனித்தனி விசைகள் நிரல்பட நின்றன. இஃது 1887இல் அமெரிக்கரான டார் ஃபெல்ட் காப்புரிமை பெற்ற ‘காம்ப்டோமீட்டர்’ என்னும் இயந்திரத்தின் அமைப்பேயாம். 1964இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் வெளியிட்ட 25 கிலோகிராம் எடையுள்ள பொறியும், 530 டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தும், இவ்வமைப்பையே மேற்கொண்டது.

பத்து விசை முறை அந்நாளில் அறியப்படாததன்று. காசியோ நிறுவனம் 1957இல் ரிலேக்களால் இயங்கிய தன் பொறியிலேயே அதனைக் கையாண்டது. எனவே, பழைய அமைப்பு நீடித்தமைக்குக் காரணம் அறியாமையன்று. கணக்கர்தம் விரற்பழக்கமே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பின்னர், ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்துக் கணக்கிடுபொறிக்கென இன்டெல் நிறுவனம் உருவாக்கிய 4004 என்னும் நுண்செயலி 1971இல் வெளிவந்தது. கணிப்பொறியின் வழித்தோன்றல் எனப்பட்டதே அதன் பிற்கால வளர்ச்சிக்கு வித்தாயிற்று. ஆதலின், மேசைக் கணக்கிடுபொறிக்குத் தனி மரபு உண்டென்பது தெளிவு.