சிப்புக்கு முந்தைய சக்தி

சக்தி பிராசஸரின் கதையை 2018இல் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் வீ. காமகோடி தலைமையிலான குழு வடிவமைத்த சக்தி சிப், இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலிருந்து வந்து லினக்ஸை ஓட்டியது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் சண்டிகரிலும் 180 நானோமீட்டரில் ஒரு சக்தி சிப் தயாரானது. செய்தித்தாளுக்குத் தோதான தேதிகள் இவை. ஆனால் சொந்த ஆலை இல்லாத ஒரு கல்விக்கூடம் பிராசஸர் செய்யத் துணிந்தது எப்படி என்று கேட்டால், கதையைக் கணினியோடு கேபிளில் இணைத்த எஃப்.பி.ஜி.ஏ. போர்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1985இல் சைலிங்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் இருந்தவை வெறும் 64 லாஜிக் பிளாக்குகள். உள்ளிணைப்பை வாங்கியவரே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதுதான் அதன் புதுமை. பின்னாளில் ஒரு பிராசஸர் வடிவமைப்பையே, ஆலைக்கு அனுப்பும் முன் சோதித்துப் பார்க்க, அதில் ஏற்றும் அளவுக்கு அது வளர்ந்தது. லினக்ஸ் எழுந்து நிற்க நூறு கோடி கிளாக் துடிப்புகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஆயிரம் துடிப்பு போகும் மென்பொருள் சிமுலேஷனில் அதற்குப் பதினோரு நாளுக்கு மேல் ஆகும். 50 மெகாஹெர்ட்ஸில் ஓடும் போர்டில் இருபதே வினாடி. ஆனால் இந்த வேகம் முழுதாகக் கைக்கு வராது. ஒவ்வொரு துடிப்புக்கும் கணினி உள்ளீடு அனுப்பி விடையை ஒப்பிட வேண்டுமென்றால், கேபிளில் போய்வருவதற்கே நேரம் கரைந்துவிடும். அதனால் சோதனையின் ஒரு பகுதியையும் போர்டுக்குள்ளேயே ஏற்றிவிடுகிறார்கள். இன்னொரு வரம்பும் உண்டு. மென்பொருளில் எல்லா சிக்னலையும் பார்க்கலாம். போர்டில், பார்க்கவென்று முன்பே ஏற்பாடு செய்தவை மட்டுமே தெரியும்.

போர்டில் ஓடியதெல்லாம் சிப்பிலும் சரியாக ஓடுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. இன்டெலின் பென்டியம் பிராசஸரையும் எஃப்.பி.ஜி.ஏ.க்களால் ஆன எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். இருந்தும் அதன் வகுத்தல் பிழை 1994இல் வெளிப்பட்டு, இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் செலவு வைத்தது. வேகம் அதிக சோதனைகளை ஓட்ட உதவும். எதைச் சோதிப்பது என்று சொல்லித்தராது. இது போர்டின் குறையல்ல, சோதனையை எழுதியவரின் குறை. போர்டே அமெரிக்கச் சரக்குதானே, இதில் சுதேசி எங்கே என்பது இன்னொரு கேள்வி. இதற்கு முழு விடை கிடையாது. கருவி வெளிநாட்டதானாலும் வடிவமைப்பு நம்முடையது என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் மிகை. 2020இல் மத்திய அரசு சுதேசி மைக்ரோபிராசஸர் போட்டியை அறிவித்தபோதும், அணிகள் சக்தியிலும் அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் வேகா பிராசஸரிலும் வேலை செய்ய நம்பியிருந்தவை இந்த எஃப்.பி.ஜி.ஏ. போர்டுகளைத்தான்.