கல்வெட்டும் காதற்கதையும்

சரித்திரக் காதற்கதை எழுதுவோருக்கு இங்கிலாந்து நாட்டில் வாய்த்த ஒரு பொற்காலம் உண்டு. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியமையால், 1811 முதல் 1820 வரை அவருடைய மூத்த குமாரர் மன்னரின் பிரதிநிதியாய் இருந்து ஆட்சி நடத்தினார். ரீஜென்ஸி என்று வழங்கும் அக்காலத்திலேதான் ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் நாவல்கள் வெளிவரத் தொடங்கின. சர் வால்டர் ஸ்காட் 1814-இல் 'வேவர்லி'யை வெளியிட்டுச் சரித்திர நாவலுக்கு வழி வகுத்தார். பின்னாளில், 1935-இல், ஜார்ஜெட் ஹேயர் அம்மையார் அந்தக் காலத்தையே களமாகக் கொண்டு 'ரீஜென்ஸி பக்' என்னும் நாவலை எழுதினார். கடிதங்கள், நாட்குறிப்புகள், பத்திரிகைகள், உடைகளின் படங்கள் யாவும் அவர் போன்றோருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

தமிழில் எழுதப் புகுவோனுக்கு அத்தகைய செல்வம் இல்லை. அவனுக்கு வாய்த்தவை பெரும்பாலும் கல்லும் செப்பேடும். தானத்தையும் வரியையும் தண்டனையையும் கல் பேசும். ஒருவன் ஒருத்தியை நினைத்து உறங்காதிருந்த இரவைப் பேசாது. அந்த மௌனத்திலேதான் நம் நாவலாசிரியர்கள் குடிபுகுந்தார்கள்.

1895-இல் சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' வெளிவந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி அவர்கள் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்கதையாக எழுதினார். ஆதித்த கரிகாலனின் கொலையை எடுத்துக் கொள்ளுங்கள். உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தாரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் உறவினரின் நிலமும் பறிக்கப்பட்ட செய்தியைத் தெரிவிக்கிறது. கொலையின் காரணத்தைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் கல்கி தம் கற்பனையால் நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கல்லின் வாக்கு அப்படியே இருக்க, அதன் மௌனம் கதையாயிற்று.

இந்த நுட்பத்தை நான் கற்றுக்கொண்டது உத்திரமேரூரில். இளமையில் நானும் ஒரு சரித்திரக் கதை எழுதத் துணிந்தேன். முதற் பராந்தக சோழன் காலம். உத்தரமேருச் சதுர்வேதி மங்கலம். குடவோலைத் தேர்தல் நாள். இருபத்திரண்டு வயதுக் கதாநாயகன் சபைக்குப் போட்டியிடுகிறான். அவன்மேல் காதல் கொண்ட பெண்ணின் தந்தை, ஓலை வாங்கும் கணக்கர். அவர் அவனுடைய ஓலையைக் கைக்குள் மறைத்துவிடுகிறார். கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கையெழுத்துப் பிரதியோடு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்றேன். கல்வெட்டைப் படித்துப் பழகிய ஊர்ப் பெரியவர் ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு நகைத்தார்.

"தம்பி, முப்பத்தைந்து வயது நிரம்பாதவன் பெயர் ஓலையில் ஏறாதே!" என்றார்.

"அதற்கு முந்திய கல்வெட்டு ஒன்று உண்டு அல்லவா, ஐயா?" என்றேன்.

"உண்டு. அதிலும் முப்பது. போகட்டும். ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உம்முடைய கணக்கர் எங்கே மறைப்பார்?"

நான் வாயடைத்துப் போனேன். அன்று மாலை வரை அந்தச் சுவரின் முன் அமர்ந்து, நூலுதவியோடு வரிவரியாகப் படித்தேன். 919-இல் ஓர் ஏற்பாடு; இரண்டே ஆண்டுகளில், 921-இல், அதைத் திருத்திய மற்றோர் ஏற்பாடு. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவை உடையவரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டன. விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். தீயோர் கெட்டு ஏனையோர் வாழவே இந்தத் திருத்தம் என்று சபை காரணமும் கூறுகிறது.

இன்னும் ஒரு விதி என் நெஞ்சை நிறுத்தியது. வாரியம் செய்து கணக்குக் காட்டாது விட்டவன் மட்டுமின்றி, அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். அவ்வுறவினரின் பட்டியலிலே, மகளை மணந்த மருமகனும் இருக்கிறான்!

என் கதை அங்கேயே இருந்தது. கணக்குக் காட்டாத ஒருவனின் மகள். அவளை விரும்பும், மனைவியை இழந்த முப்பத்தாறு வயதினன். அவளைக் கைப்பிடித்தால், ஏரியைக் காக்கும் வாரியத்தில் அமரும் உரிமையை அவன் இழப்பான். ஊரா, அவளா? நான் கட்டிய சூழ்ச்சிகளில் எதுவும் இந்த ஒரு விதிக்கு ஈடாகவில்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். உத்திரமேரூரை மக்களாட்சியின் தொட்டில் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அந்தக் குடம் உரியது. என் முதற்பிரதியில் ஊரார் அனைவரும், பெண்டிரும் உழவரும் உட்பட, ஓலை எழுதி இட்டனர். படிப்போர் மகிழ்ந்திருப்பர், பிள்ளைகள் அதையே சரித்திரம் என்று நம்பியிருப்பர். வாயிலுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே நின்றதாக எழுதினால், அவர்கள் வெளியே நிறுத்தப்பட்ட செய்தியே மறைந்துபோகும். அது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

ஆகவே அப்பிரதியைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். கல் சொன்னதை மாற்றுவதில்லை. அது சொல்லாததைத் துணிந்து கற்பிப்பது. எது கல், எது கற்பனை என்று நூலின் முடிவில் வாசகருக்கு அறிவித்துவிடுவது. இம்மூன்றையும் அன்று முதல் நான் கடைப்பிடித்து வருகிறேன்.

சபையார் அன்று ஓலையை ஏற்க விரித்த கை வேண்டினார்கள். சரித்திரக் கதை எழுதுவோனும் பழங்காலத்தை அவ்வாறே, ஐந்து விரலும் விரிந்திருக்க, எல்லோரும் காண ஏற்க வேண்டும்.