கொன்சாலெஸ்–ஆல்வரெஸ் இல்லம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஸ்பானியர் 1565இல் நிறுவிய செயின்ட் அகஸ்டின் நகரில், செயின்ட் பிரான்சிஸ் தெருவில் உள்ள 18ஆம் நூற்றாண்டு வீடு. ஸ்பானியக் குடியேற்றக் காலத்து முன்னோரைத் தேடுவோர், வீட்டையும் வம்சத்தையும் ஆவணங்களோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதற்கு இதன் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

‘மிகப் பழைய வீடு’ என்று பெயர் பெற்ற இதை 16ஆம் நூற்றாண்டினது என்று சொன்ன காலமும் உண்டு. அது நிற்காது. 1702இல் முற்றுகையிட்ட ஆங்கிலேயர் போகும்போது ஊரையே கொளுத்திவிட்டுப் போனார்கள். கோக்கினா என்னும் சிப்பிக்கல்லால் இன்றுள்ள வீடு எழுந்தது அதற்குப் பிறகுதான். முதலில் குடியிருந்தவர் கனேரித் தீவுகளிலிருந்து வந்த பீரங்கிப்படை வீரர் தோமாஸ் கொன்சாலெஸ். 1763இல் புளோரிடா பிரித்தானியர் வசமானதும் ஏனைய ஸ்பானியரைப் போலவே இக்குடும்பமும் கியூபாவுக்குப் புறப்பட்டது.

இவ்வீடு மதுவிடுதியான கதை அதன் பின்னரே தொடங்குகிறது. 1775இல் வீட்டை வாங்கிய ஜோசப் பீவெட், மேரி எவன்ஸ் தம்பதியர் மரத்தாலான மேல்தளம் எழுப்பி, மதுவிடுதியும் நடத்தினர். மேரியின் அடுத்த கணவர் பட்ட கடனால் வீடு 1790இல் ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் ஸ்பெயினிலிருந்து வந்த ரொட்டிக்காரர் ஹெரோனிமோ ஆல்வரெஸ். அவருடைய வழியினரிடம் வீடு 1882 வரை இருந்தது. ஆகவே வீட்டுக்குப் பெயர் தந்த இரண்டு ஸ்பானியக் குடும்பங்களுக்கும் பீவெட் தம்பதியரின் அந்த விடுதியில் பங்கில்லை. ‘எங்கள் கொள்ளுத்தாத்தாவின் மதுவிடுதி’ என்று பெருமை பேச வருபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு நகரின் ஆவணங்களே காரணம். கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் 1594இலிருந்து தொடங்குகின்றன. 1763இல் ஹவானாவுக்குப் போன அந்த ஏடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திரும்பி வந்தன. மனைகளையும் உரிமையாளர்களையும் குறித்த இரண்டு வரைபடங்கள் உள்ளன: எலிக்ஸியோ தெ லா புவெந்தெ 1764இல் வரைந்தது ஒன்று, மரியானோ தெ லா ரோக்கே 1788இல் வரைந்தது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே மனை கைமாறிய தடம் தெரிந்துவிடும். பிரித்தானியருக்குப் பின் வந்த இரண்டாம் ஸ்பானிய ஆட்சியின் நிர்வாகக் கோப்புகளான ‘கிழக்கு புளோரிடா ஆவணங்கள்’ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. ஹெரோனிமோவின் மகன் அந்தோனியோ ஆல்வரெஸ் அமெரிக்க ஆட்சியில் கிழக்கு புளோரிடாவின் பொது ஆவணக் காப்பாளராக இருந்தார் என்பது சுவையான பொருத்தம்.

தேடுவோர் இடறுவது பெரும்பாலும் பெயர்களில்தான். ஸ்பானியருக்குத் தந்தைவழிப் பெயரும் தாய்வழிப் பெயரும் சேர்ந்தே வரும்; பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. மேரி எவன்ஸ் ஸ்பானிய ஏடுகளில் மரியா ஆகிவிடுகிறார். எனவே கணவர் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிக் குடும்பம் தவறிப்போகும்.

செயின்ட் அகஸ்டின் வரலாற்றுச் சங்கம் 1918இல் வாங்கிய இந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. 1970இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. வம்சத்தைத் தேடி வருபவர்கள் வீட்டைப் பார்த்ததோடு நிற்காமல், அவிலெஸ் தெருவில் உள்ள சங்கத்தின் ஆய்வு நூலகத்துக்கும் போவது நல்லது.