தாழொலி எங்கே போயிற்று?

கூடலூரிலோ கம்பத்திலோ கோயில் திருவிழாவில் உறுமி முழங்கும்போது அருகில் நின்றிருக்கிறீர்களா? அதன் ஒலி காதில் மட்டும் விழுவதில்லை. நெஞ்சையும் அதிரச் செய்கிறது. திரையரங்கில் இடி முழங்கும்போதும் இதே அதிர்வை உணர்கிறோம். ஆனால் அதே படத்தை வீட்டில், இரண்டு ஒலிபெருக்கிகள் கொண்ட ஸ்டீரியோ அமைப்பில் போட்டுப் பாருங்கள். இடி, தகரத்தைத் தட்டியதுபோல் மெலிந்து போகிறது. பெட்டி சரியில்லை என்று எண்ணிப் பலர் பணம் செலவழித்துப் புதிய பெட்டி வாங்குகிறார்கள். உண்மையில் பல வேளைகளில் குற்றம் பெட்டியுடையதன்று. அந்த ஒலி பெட்டிக்கு வந்து சேரவேயில்லை! இதன் காரணம் ஒலிப்பதிவின் வரலாற்றில் இருக்கிறது.

நம் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். அவற்றுள் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை இங்கே தாழொலி என்று கொள்வோம். இதனை உண்டாக்குவது எளிதன்று. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே அளவு ஒலி தருவதற்கு, ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும்.

இரு தடங்களில் ஒலியைப் பதியும் ஸ்டீரியோ முறைக்கு இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமை கோரினார். தமிழ்த் திரையிசையில் இம்முறையைக் கொண்டுவந்த படமாகப் பேசப்படுவது 1978இல் வெளிவந்த ‘பிரியா’. அதற்கு இசையமைத்த இளையராஜா, கூடலூர் இருக்கும் இதே கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் பிறந்தவர். ஸ்டீரியோப் பாடலில் தாழொலியும் அந்த இரு தடங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு பெட்டிகளில் கேட்டாலும் பதிவில் உள்ள எதுவும் விடுபடுவதில்லை.

திரைப்படமோ வேறு வழியில் சென்றது. 1955இல் வந்த 70 மில்லிமீட்டர் படங்களில் ஆறு காந்தத் தடங்கள் இருந்தன. ஐந்து தடங்கள் திரைக்குப் பின்னாலுள்ள ஒலிபெருக்கிகளுக்கு; ஒன்று அரங்கைச் சுற்றியுள்ளவற்றுக்கு. 1974இல் ‘எர்த்குவேக்’ என்ற அமெரிக்கப் படத்துக்காகத் திரையரங்குகளில் மாபெரும் தாழொலிப் பெட்டிகளை வைத்து, நிலநடுக்கத்தையே உணரச் செய்தார்கள்.

இவ்வேளையில் டால்பி நிறுவனம் திரையுலகில் புகுந்திருந்தது. அதன் நிறுவனர் ரே டால்பி, 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப ஆலோசகராக நம் இந்தியாவில் பணியாற்றியவர். இங்கிருந்து சென்றபின் இலண்டனில் தம் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 70 மில்லிமீட்டர் படிகளில், ஆறு தடங்களுள் இரண்டைத் தாழொலிக்கென்றே அவருடைய நிறுவனத்தார் ஒதுக்கினார்கள். தாழொலிக்குத் தனித்தடம் என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

1987இல் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் குழுவொன்று டிஜிட்டல் ஒலிக்கு எத்தனை தடங்கள் வேண்டும் என்று ஆராய்ந்தது. ‘5.1’ என்று விடையளித்தார் டாம்லின்சன் ஹோல்மன். ஐந்து முழுத் தடங்கள்; தாழொலிக்கு மட்டும் ஒரு சிறு தடம். அந்தச் சிறு தடமே ‘.1’. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படம் இம்முறையில் டால்பி டிஜிட்டல் ஒலியுடன் வந்தது. தமிழில் டிடிஎஸ் ஒலியுடன் வந்த தொடக்கப் படங்களுள் ஒன்று 1996இல் வெளியான ‘கருப்பு ரோஜா’.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 5.1 ஒலியை இரண்டு தடங்களாகச் சுருக்கும்போது, நடுத்தடத்தையும் சுற்றுத் தடங்களையும் கருவி இடமும் வலமுமாகக் கலந்துவிடுகிறது. ‘.1’ தடத்தையோ பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. ஏன்? அத்தடம் மற்றவற்றைவிட 10 டெசிபெல் மிகுதியாக ஒலிக்க வேண்டும் என்பது விதி. 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு ஆற்றல். சிறிய பெட்டியால் அதனைத் தாங்க இயலாது. ஒலி சிதையும், கூம்பும் கிழியலாம்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? உங்களிடம் 5.1 ஒலியைப் பிரித்தறியும் ரிசீவர் இருந்தால், அதன் அமைப்பில் ‘சப்வூஃபர் இல்லை’ என்றும், முன் ஒலிபெருக்கிகள் ‘பெரியவை’ என்றும் குறியுங்கள். பெரும்பாலான ரிசீவர்கள் அப்போது ‘.1’ தடத்தை முன்பெட்டிகளுக்கே திருப்பிவிடும். பெட்டிகள் உண்மையிலேயே பெரியவையாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கணினியில் படம் பார்ப்பவர்கள், ‘.1’ தடத்தையும் கலந்து தரும் வசதி தம் மென்பொருளில் உண்டா என்று பாருங்கள். எதுவானாலும் ஒலியளவைக் குறைத்து வைத்தே தொடங்குங்கள்.

செலவில்லாத வழியொன்றும் உண்டு. பெட்டிகளைச் சுவரோரமாகவோ மூலைக்கு அருகிலோ நகர்த்திப் பாருங்கள். சுவர்கள் தாழொலியை அறைக்குள் திருப்புவதால் அது வலுப்பெறும். தனியே சப்வூஃபர் வாங்குவோர் ஒன்று வாங்கினாலே போதும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். இத்தகைய நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அறைக்குள் நம் செவி அறிவது அரிது.

படத்தின் இசையிலும் உரையாடலிலும் உள்ள தாழொலி பெரும்பாலும் முதன்மைத் தடங்களிலேயே இருக்கிறது. விடுபடுவது இடி, வெடி போன்றவற்றுக்குக் கூட்டிய மிகுதியே. ஆகவே அடுத்த முறை இடி மெலிந்து கேட்டால், கடைக்குப் புறப்படுமுன் கருவியின் அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.