வினாத்தாள் எங்கிருந்து வருகிறது?

"உலகப் போட்டிக்கு ஈடுகொடுக்கக்கூடிய பட்டதாரி" என்னும் தொடர் இன்று நம் நாட்டிலே மந்திரம்போல ஓதப்படுகின்றது. அமைச்சர்களின் உரைகளிலும், கடன் கொடுப்போரின் அறிக்கைகளிலும், வெளிநாட்டுப் பட்டங்களை விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களிலும் அது ஒரே தொனியில் ஒலிக்கின்றது. சர்வதேச உயர்கல்வி நேற்று முளைத்த ஒன்று எனவும், நமது பல்கலைக்கழகங்கள் அதன் வேகத்துக்குப் பின்தங்கிவிட்டன எனவும், ஆதலால் மாணவர் தத்தம் வழியைத் தாமே விலைகொடுத்துத் தேடிக்கொள்ளல் வேண்டும் எனவும் நமக்குச் சொல்லப்படுகின்றது. வரலாறோ வேறொரு கதையைக் கூறுகின்றது. இலங்கையின் நவீன உயர்கல்வி பிறந்த நாள் முதலே சர்வதேசத் தொடர்புடையது. எவருடைய தேவைக்காக அது அவ்வாறு அமைந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். மேனாட்டுக் கணிதமும் வானசாத்திரமும் தமிழிலக்கியமும் அங்கு ஒருங்கே கற்பிக்கப்பட்டன. மதப் பிரசாரகரை உருவாக்குதல் அதன் முதல் நோக்கம். ஆயினும் அங்கு ஆங்கிலங் கற்று வெளியேறியோரிற் பலர் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். அமெரிக்காவிலிருந்த மிசன் தலைமைப்பீடம் இதனை விரும்பவில்லை. 1855இல் செமினரி மூடப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். கற்பிப்போன் ஒன்றை எண்ணிப் பள்ளிக்கூடம் கட்டுகிறான். கற்போன் தன் வாழ்க்கைத் தேவையை மனத்திற்கொண்டு அதனுள் நுழைகிறான். இவ்விரண்டுக்குமிடையிலான முரண்பாடு அன்றே தோன்றிவிட்டது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது கலைமாணிப் பரீட்சையிலே தேறியவர்களான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள். சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை தமிழகத்திலே அரசாங்க உத்தியோகத்திலிருந்து, பின்னர் சட்டங் கற்று, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். இன்றைய பாஷையிற் சொன்னால், எல்லை கடந்து வெற்றி பெற்ற பட்டதாரி அவர். எனினும் அவரை நாம் நினைவுகூர்வது வகித்த பதவிகளுக்காக அன்று. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினாரே, அதற்காகவே நினைவுகூர்கிறோம். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் அப்பணியை அவரிடம் கேட்கவில்லை. அது அவர் தாமே வகுத்துக்கொண்ட வினா.

சென்னையை அடுத்து இலண்டனின் ஆட்சி வந்தது. 1836ஆம் ஆண்டு அரச சாசனத்தினாலே தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம் அக்காலத்திற் கற்பிக்கும் நிறுவனமாக இருக்கவில்லை; பரீட்சை நடாத்திப் பட்டம் வழங்குவதே அதன் தொழில். 1858ஆம் ஆண்டுச் சாசனம், எந்தக் கல்லூரியிலும் பயிலாதோரும் அப்பரீட்சைகளுக்குத் தோற்றலாம் என வழிதிறந்தது. 1865இல் மொரீசியசுத் தீவிலே, பிரித்தானியாவுக்கு வெளியே முதன்முறையாக அதன் பரீட்சை நடைபெற்றது. 1880களில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளோடு இலண்டன் மெற்றிக்குலேசனும் இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகளை ஆளத்தொடங்கியது. முத்திரையிட்ட வினாத்தாள்கள் கப்பலில் வந்தன. எழுதிய விடைத்தாள்கள் கப்பலிற் சென்றன. கடலுக்கப்பால் இருந்த ஒருவர் வகுத்த வினாவுக்கேற்ப இங்குள்ள ஆசிரியர் பாடத்தை அமைத்தார். மாணவன் இலத்தீன் இலக்கணத்தை மனனஞ் செய்தான். இங்கிலாந்து மன்னர்களின் வரிசையை ஒப்புவித்தான். தன் ஊரின் குளத்தைக் கட்டியவர் யார், தன் ஊரின் நிலம் எவர் கையில் உள்ளது என்பன வினாத்தாளில் வரமாட்டா என்பதனால் அவற்றைக் கற்கவில்லை.

இக்கல்வியின் பயன் யாது? பேரரசுக்குக் குறைந்த சம்பளத்தில் எழுதுவினைஞரும் கணக்கரும் புகையிரத நிலைய அதிபரும் தேவைப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து ஆங்கிலங் கற்ற இளைஞர் கூட்டங்கூட்டமாக மலாயாவுக்குச் சென்று இவ்வுத்தியோகங்களை ஏற்றனர். ஊருக்குப் பணம் வந்தது, கல்வீடுகள் எழுந்தன, சீதனச் சந்தையிலே பரீட்சைச் சித்தி ஒரு விலையாயிற்று. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்ற நமது பழமொழி அக்காலச் சமூகத்தின் ஆசையை உள்ளபடி காட்டுகின்றது. ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் செலுத்த இயலாதவனும், சாதியின் பெயராற் பள்ளிக்கூட வாயிலிலே தடுக்கப்பட்டவனும், மலைநாட்டிலே கொழுந்து பறித்த தொழிலாளியின் பிள்ளையும் இந்த ஆசைக்கும் அப்பால் நிறுத்தப்பட்டிருந்தனர்.

இவ்வளவையும் கூறியபின், இலண்டன் வெளிவாரிப் பட்டத்தை வெறும் ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு செய்தல் வரலாற்றுக்கு நீதியாகாது. ஒக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பிள்ளையை அனுப்பச் செல்வர்களுக்கே முடிந்தது. பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜிற் பயின்று, 1875இல் திறந்த போட்டிப் பரீட்சையிலே தேறிச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். அவர் பிறந்த குடும்பத்தின் வசதி எல்லோருக்கும் வாய்த்ததன்று. வெளிவாரிப் பரீட்சையோ, பகலிற் கற்பித்து இரவில் விளக்கொளியிலே படித்த ஏழை ஆசிரியனுக்கும் பட்டத்தை எட்டச்செய்தது. 1878இல் இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டம் வழங்க இணங்கியது. கேம்பிரிட்ஜ் முழு உரிமையோடு அதனை வழங்கியது 1948இலேயே. காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்து விபுலாநந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் இலண்டன் விஞ்ஞானமாணிப் பரீட்சையிலும் தேறியவர். இசையையும் கணிதத்தையும் இணைத்து யாழ்நூலை ஆக்குவதற்கு அவ்விரு பயிற்சிகளும் உதவின. ஆகவே ஒரே பரீட்சை ஒருவகையிற் கதவாகவும், இன்னொருவகையில் மதிலாகவும் இருந்தது. திறப்பு மட்டும் நம் கையில் இருக்கவில்லை.

அத்திறப்பைக் கேட்ட போராட்டமே பல்கலைக்கழக இயக்கம். 1906இல் அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி முதலியோர் இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் எனக் குரலெழுப்பினர். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1921இல், கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அங்கு கற்றவர்களும் எழுதியது இலண்டன் பரீட்சையையே. கட்டடம் நம்முடையது, வினாத்தாள் அவர்களுடையது. இந்நிலை இருபத்தொரு ஆண்டுகள் நீடித்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் 904 மாணவருடன் தோன்றியபோதே இந்நாட்டு ஆசிரியர் தம் மாணவருக்குத் தாமே வினாவகுத்துப் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது. 1945இல் கன்னங்கரா முன்னின்று நிறைவேற்றிய இலவசக் கல்வித் திட்டம் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம்வரை கட்டணத்தை ஒழித்தது. ஏழைக் கமக்காரனின் பிள்ளை வைத்தியராகலாம் என்பது அன்றுதான் நடைமுறையிற் சாத்தியமாயிற்று. இது பேரரசு ஈந்த பிச்சையன்று. சர்வசன வாக்குரிமை பெற்ற மக்கள் தம் பிரதிநிதிகள்மூலம் பெற்ற உரிமை. தோட்டப் பாடசாலைகள் மட்டும் 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை இவ்வுரிமைக்குப் புறத்தே கிடந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

கல்வி விரிந்தது, பொருளாதாரம் விரியவில்லை. 1960இலிருந்து பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்பட்டன; அப்பத்தாண்டின் நடுப்பகுதியிற் பல்கலைக்கழக மாணவர் தொகை 10,000ஐத் தாண்டியது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் விற்று வாழும் குடியேற்றநாட்டுப் பொருளாதாரமோ அப்படியே இருந்தது. தாய்மொழியிற் கற்ற பட்டதாரிக்கு அரச உத்தியோகமன்றி வேறு வழியில்லை. தனியார் கம்பனிகள் ஆங்கிலம் பேசுவோருக்கே கதவு திறந்தன. 1971 ஏப்ரற் கிளர்ச்சியிலே கிராமத்துச் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மடிந்தமைக்கு இந்த ஏமாற்றமும் ஒரு காரணம். அதே ஆண்டிலே வெளிவந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் அறிக்கை, டட்லி சியர்ஸ் தலைமையில் இப்பிரச்சினையை ஆராய்ந்தது. ரொனால்ட் டோர் 1976இல் எழுதிய 'பட்டச்சான்றிதழ் நோய்' பற்றிய நூலும் இலங்கையை ஓர் உதாரணமாகக் கொண்டது. வேலை அருகும்போது அதே வேலைக்கு மேலும் உயர்ந்த சான்றிதழ் கேட்கப்படுகின்றது. அறிவு தேய, சான்றிதழ் வீங்குகின்றது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

ஆட்சியாளர் இடங்களைப் பெருக்கவில்லை. இருந்த இடங்களுக்காக மக்களை மோதவிட்டனர். 1971ஆம் ஆண்டு அனுமதியிலே பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழிமூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. தரப்படுத்தல் என்னும் இவ்வநீதி தமிழிளைஞரின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தின் விளைவுகளை நாம் அறிவோம். உத்தியோகத்தைத் தவிர வேறெதனையும் கல்வியின் பயனாகக் காணாத சமூகத்திலே, பரீட்சைப் புள்ளி இனப்பகையின் அளவுகோலாவது எத்துணை எளிது என்பதை அது காட்டிற்று.

இதற்கிடையிற் கடலுக்கப்பாலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1951இல் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆசிய மாணவர் பலர் புலமைப்பரிசில் பெற்று அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே பயின்றனர். கம்யூனிசத்தைத் தடுக்கும் அரசியல் நோக்கம் அதில் இருந்தது உண்மையே. எனினும் அது உதவி என்ற பெயரிலேயே நடைபெற்றது. பின்னர் உதவி வியாபாரமாயிற்று. பிரித்தானியா 1967இல் வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தை உள்நாட்டாருடையதைவிடப் பன்மடங்காக்கி 250 பவுண் என நிர்ணயித்தது. 1980இல் முழுச் செலவையும் அவர்களிடமே அறவிடத் தொடங்கியது. அவுஸ்திரேலியா 1985இல் முழுக்கட்டண மாணவருக்குக் கதவு திறந்து, கல்வியை ஏற்றுமதிப் பண்டங்களுள் ஒன்றாக்கியது. 1995இல் உலக வர்த்தக தாபனத்தின் சேவை வர்த்தக உடன்படிக்கை கல்வியையும் வர்த்தகத்துக்குரிய சேவைகளின் பட்டியலிற் சேர்த்தது. 2003இல் சாங்காயிலிருந்து வெளிவந்த உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை இச்சந்தைக்கு ஒரு விலைப்பட்டியலாகப் பயன்படலாயிற்று. நொபெல் பரிசு பெற்றோரின் தொகை அதன் அளவுகோல்களுள் ஒன்று. லயன் அறையிலிருந்து வந்த ஒரு மாணவியைத் தன் குடும்பத்தின் முதற் பட்டதாரியாக்கிய பல்கலைக்கழகத்துக்கு அத்தரவரிசையிற் புள்ளி இல்லை. வினாத்தாள் இப்பொழுது கப்பலில் வருவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

2022இல் நாடு கடனிறுக்க இயலாது வீழ்ந்தபின், கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னே இளைஞர் இரவிரவாக வரிசையில் நின்றதைக் கண்டோம். வைத்தியரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் வெளியேறினர். அவர்களைத் துரோகிகள் என ஏசுவது மூடத்தனம். பசித்த வயிற்றோடு தேசபக்தி பேசுமாறு எவரையும் நாம் கேட்கமுடியாது. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்த்தல் வேண்டும். ஒரு வைத்தியரை உருவாக்கும் செலவைத் தேயிலை பறிப்பவளும் ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவளும் மேற்காசியாவில் வீட்டுவேலை செய்பவளும் தாங்குகின்றனர். பயனையோ செல்வந்த நாடு ஒரு சதமும் செலவிடாது பெறுகின்றது. வெளிநாட்டுப் பட்டத்துக்காகக் காணியை ஈடுவைக்கும் குடும்பம் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் வரவு செலவையும் தாங்குகின்றது. உலகப் போட்டி என்பதன் பின்னால் நிற்கும் பொருளாதாரம் இதுவே.

அறிவுக்கு எல்லை கட்டவேண்டும் என்பது நம் வாதமன்று. க. கணபதிப்பிள்ளை இலண்டனிலே மொழியியல் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே நாடகங்கள் எழுதினார். படித்தவர்கள் கொச்சை எனப் பழித்த மொழியிலே உயிரும் ஒழுங்கும் உண்டு எனக் காண அப்பயிற்சி அவருக்குத் துணைநின்றது. கைலாசபதி பேர்மிங்காமிலே ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்று, கிரேக்க வீரயுகப் பாடல்களோடு நமது சங்கப் பாடல்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது அதன் முதற் றலைவரானார். இவர்கள் உலகத்திடமிருந்து பெற்றது ஆய்வுமுறை. அதனைக்கொண்டு விடைதேடியது தம் மக்களைப் பற்றிய வினாக்களுக்கு.

ஆதலால் ஆசிரியர்களும் மாணவர்களும் இன்று வற்புறுத்த வேண்டியவை தெளிவு. கல்விக்கான அரச ஒதுக்கீடு உயரவேண்டும். இலவசக் கல்வியைப் படிப்படியாகக் கட்டணக் கல்வியாக்கும் ஒவ்வொரு முயற்சியையும் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒன்றிணைந்து எதிர்க்கவேண்டும். ஆங்கிலம் பணக்காரரின் தனியுடைமையாக இராது கடைக்கோடிக் கிராமப் பாடசாலையிலும் நன்கு கற்பிக்கப்படவேண்டும். பட்டதாரிக்கு வேலை தரும் பொருளாதாரம் வேண்டும் என்ற கோரிக்கை பல்கலைக்கழக மதிலுக்குள்ளேயே அடங்கிவிடாது தொழிலாளர் சங்கங்களின் கோரிக்கையோடு சேரவேண்டும். உயர்தர வகுப்பு மாணவன் "எந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டில் மதிப்பு?" என வினவும்போது, அவனுக்கு நேர்மையான தகவலைக் கொடுப்போம், அது அவனது உரிமை. அதனோடு, அம்மதிப்பை யார் எதற்காக நிர்ணயிக்கிறார் எனக் கேட்கவும் அவனைப் பழக்குவோம். நமது சேற்று நிலமும் வற்றிய குளமும் மூடிய தொழிற்சாலையும் எழுப்பும் வினாக்கள் இன்னும் எந்தப் பரீட்சையிலும் கேட்கப்படாமலே கிடக்கின்றன. அவ்வினாத்தாளை வகுக்கவேண்டியவர்கள் நாமே.