காடை வறுவலும் பழைய குறும்பூழும்



நம் செட்டிநாட்டுக் காடை வறுவலில் எது பழையது, எது புதியது என்று பார்ப்போம்.

சங்க காலத்தில் காடையின் பெயர் குறும்பூழ். குறுந்தொகை 389ஆம் பாட்டில், தலைவன் மணம் பேச வரும் செய்தியைச் சொன்ன ஏவலாளுக்கு நெய்யில் சமைத்த குறும்பூழ் கிடைக்கட்டும் என்கிறாள் தோழி. அன்று காரம் என்றால் மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; 1498க்குப் பிறகு போர்ச்சுக்கீசியரோடு வந்தது.

கடையில் வாங்கும் காடையும் நம் காட்டுப் பறவை அல்ல. 1974இல் வடக்கே இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஜப்பானியக் காடை அது. ஐந்தே வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும்.

பறவை புதிது, மிளகாய் புதிது. பழையது மிளகும் கைப்பக்குவமும். மிளகு, சோம்பு அரைத்துப் பூசி ஊறவைக்கிறோம். காரத்தைத் தணிக்கும் இனிப்புக்குச் சீனி வேண்டாம்; நன்றாக வதங்கிய சின்ன வெங்காயமே போதும்.

ஒரு வேண்டுகோள். ஆத்தங்குடிப் பக்கம் யாராவது வலை வைத்துப் பிடித்த காட்டுக் காடையை விற்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வறுவலுக்குப் பண்ணைக் காடை இருக்கிறது. குறும்பூழ் நம் புஞ்சைகளிலேயே இருக்கட்டும். பாட்டில் மட்டும் மிஞ்ச வேண்டாம்.