மியாண்டர்

மியாண்டர் என்பது, சமவெளியில் ஓடும் ஆறு இடமும் வலமுமாக மாறிமாறி நெளிந்து செல்வதைக் குறிக்கும் ஆங்கிலப் புவியியல் சொல். தமிழில் ஆற்று வளைவு என்கிறோம். ஓர் ஆற்றின் இயற்பெயரே இப்படிப் பொதுப்பெயராகிவிட்டது. பண்டைய கிரேக்கர் மயாண்ட்ரோஸ் என்று அழைத்த அந்த ஆறு, இன்றைய துருக்கியின் தென்மேற்கில் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஏஜியன் கடலில் கலக்கிறது. துருக்கியர் அதற்கு இட்ட பெயர் பியூக் மெண்டெரெஸ். பெரிய மெண்டெரெஸ் என்று பொருள். பழைய பெயர் அதில் இன்னும் ஒலிக்கிறது.

கிரேக்கப் புராணத்தில் மயாண்ட்ரோஸ், ஓக்கியானோஸ்-டெத்திஸ் இணையரின் மகனான ஆற்றுத் தெய்வம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ, வளைந்து நெளியும் எதையும் மக்கள் இந்த ஆற்றின் பெயரைக் கொண்டே சுட்டினர் என்று பதிவு செய்துள்ளார். கிரேக்கப் பானைகளின் விளிம்பில் தொடர்ந்து ஓடும் சதுரச் சுழிக்கோலத்துக்கும் இதே பெயர்தான். லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல், பிறகு இலக்கின்றி அலைவதைக் குறிக்கும் வினையாகவும் வழங்கலாயிற்று.

ஆறு அப்படி அலைவதில்லை. அதன் நெளிவுக்குத் திட்டமான காரணம் உண்டு. வளைவின் வெளிக்கரையில் நீர் விரைந்து மண்ணை அரிக்கும். உட்கரையில் வேகம் தணிந்து மணல் படியும். ஐன்ஸ்டீன் 1926இல் இதைத் தேநீர்க் கோப்பையைக் காட்டி விளக்கினார். கலக்கிய தேநீரில் இலைத்துகள்கள் அடியில் நடுவே வந்து திரள்கின்றன. ஆற்றின் வளைவிலும் மேல்நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்பட, அடிநீர் மணலை உட்கரைக்குக் கொண்டுவருகிறது. வளைவு முற்றி, ஆறு குறுக்கே புது வழி வெட்டிக்கொண்டால், கைவிடப்பட்ட பகுதி குதிரைக் குளம்பு ஏரியாகும்.

பெயர் தந்த ஆறு தன் கடற்கரையையே மாற்றிவிட்டது. அது பாயும் சமவெளி வண்டல் சேர்ந்து உருவானது என்பதைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அன்றே கண்டார். கிரேக்கத் தத்துவஞானி தேல்ஸ் பிறந்த மிலேட்டஸ், ஆற்று முகத்துவாரத்தை அடுத்த வளைகுடாவில் நான்கு துறைமுகங்களுடன் செழித்த நகரம். பின்னர் துறைகள் தூர்ந்து, அதன் வணிகம் நசிந்தது. இன்று அதன் இடிபாடுகள் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றன. கி.மு. 494இல் பாரசீகக் கடற்படை அயோனியக் கிரேக்கரை முறியடித்த லாடே தீவு, இப்போது வயல்களுக்கு நடுவே ஒரு குன்று. வளைகுடாவின் எச்சமாக இருப்பது பாஃபா ஏரி.